வெளிச் சத்தம் வராத பெட்டி

டிப்போவில் அவருக்கு ஹாரன் என்று பெயர். ஒல்லியானவனைக் குண்டு என்று கூப்பிடுவதில்லையா, அந்தக் கணக்கு. பஸ் ஓட்டுநராகச் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஹாரன் அடித்து யாரும் கேட்டதில்லை. முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்றால், லாரிக்காரருக்கே வெட்கம் வந்து வண்டியை நகர்த்தும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் பயணிகள் முணுமுணுப்பார்கள்.

"அண்ணே, அதை அழகுக்கா வெச்சிருக்காங்க?" என்பார் கண்டக்டர்.

"நாம நிக்கிறது அவருக்குத் தெரியும்ப்பா. சத்தம் போட்டுச் சொல்லணுமா?"

சத்தம் என்றாலே அவருக்கு ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். மற்றவர்கள் போடும் சத்தம் எதைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன்னால் இன்னொருவருக்கு இடைஞ்சல் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில், டீ கலக்கும்போது கரண்டி டம்ளரில் கணகணவென்று இடிக்கிறது என்று மனைவி விளையாட்டாகச் சொல்லிவிட்டார். அன்றோடு கரண்டியைத் தொடுவதை நிறுத்தினார் மனிதர். இன்றுவரை டம்ளரைக் கையில் பிடித்துச் சுழற்றித்தான் சர்க்கரையைக் கரைக்கிறார். பாதி கரையாமல் அடியில் தங்கிவிடும். கடைசி வாய் பாகாக இருக்கும். அதையும் சத்தமில்லாமல் குடித்துவிட்டுப் போவார். இந்தக் கரண்டி சங்கதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவே நர்ஸம்மா என்றுதான் கூப்பிடும், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். நர்ஸம்மாவுக்கு வருடக்கணக்காக இரவு டியூட்டி. ஹாரனுக்கு விடியற்காலை முதல் வண்டி. அவர் மதியம் வீடு திரும்பி இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். சாப்பிட்ட கையோடு நர்ஸம்மா படுக்கப் போய்விடுவார். படுக்கையறைக்குக் கதவு உண்டு, ஆனால் அது மழைக்கு உப்பி மூடாமல் போய்ப் பல காலமாகிறது. அதனால் ஒரு திரை தொங்கும். திரைக்கு இந்தப் பக்கம் கூடம். கூடத்து ஜன்னலோரம் ஒரு கீபோர்டு.

ஒரு இசை வகுப்பை இழுத்து மூடியபோது, யாரும் வேண்டாமென்று விட்ட பழைய கீபோர்டு அது. ஹாரன் தூக்கிக்கொண்டு வந்து, தானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டார். காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்ஃபோன் ஒன்று வாங்கினார். அதன் வயரைச் சொருகினால் கீபோர்டின் ஸ்பீக்கர் அடங்கிவிடும். வாசிப்பது அவர் காதுக்கு மட்டும் கேட்கும். மத்தியானம் தோறும் திரைக்குப் பின்னால் மனைவி தூங்க, பள்ளி அரைநாள் விடும் பருவத்தில் மகள் கீபோர்டு ஸ்டாண்டுக்குக் கீழே பாயில் சுருண்டு தூங்க, ஹாரன் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில் வாசித்துக்கொண்டிருந்தார். இப்படியே இருபது வருடம். இவ்வளவு கச்சிதமாக ஒருவருக்கும் தொந்தரவில்லாத பொழுதுபோக்கு உலகத்தில் வேறு யாருக்கும் வாய்த்திருக்காது என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

அந்த மகளுக்கு வீட்டில் பாப்பா என்று பெயர். பாப்பா வளர்ந்து, தூரத்து நகரமொன்றில் விமான நிலைய வேலைக்குப் போனாள். பயணிகளின் பெட்டிகள் எக்ஸ்ரேயில் ஓடும்போது திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. அதுவும் இரவில். அம்மாவின் ராசி அப்படியே ஒட்டிக்கொண்டது, அம்மாவின் தூக்கம் மட்டும் ஒட்டவில்லை. பகலில் படுத்தால் கண் மூடவே மாட்டேனென்றது. கறுப்புத் திரை மாட்டினாள், பால் குடித்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் வேலையில் திரைக்கு முன்னாலேயே தலை தொங்கிவிட்டது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

அன்று போனில் அழுதபிறகு பாப்பா சொன்னாள்: "அப்பா, மத்தியானம் நீங்க வாசிப்பீங்கல்ல, நான் கீழ படுத்துத் தூங்குவேன்ல. அதைப் பதிவு பண்ணி அனுப்புங்கப்பா. அது கேட்டா எனக்குத் தூக்கம் வந்துரும்."

ஹெட்ஃபோனுக்குள் வாசித்தது பாப்பாவுக்கு எப்படிக் கேட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. ஹாரனுக்குத் தோன்றவில்லை. வாசித்துக் காட்டுங்கள் என்று அவரை யாரும் கேட்டதே கிடையாது. முதன்முதலாக ஒருத்தி கேட்டாள், அதுவும் பெற்ற மகள். அந்த நேரத்தில் யார்தான் கணக்குப் பார்ப்பார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அனுப்புறேன் பாப்பா, சுத்தமா பதிவு பண்ணி அனுப்புறேன்," என்றார்.

எப்படிப் பதிவு செய்வது என்று கேட்கக் குடும்பத்திலேயே ஆள் இருந்தார். நர்ஸம்மாவின் தம்பி, மேடைகளுக்கு மைக்செட் வாடகைக்கு விடுபவர். மைக்செட் மச்சான் என்றால் எல்லோருக்கும் தெரியும். மச்சான் வந்து கீபோர்டின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். இடது, வலது என்று இரண்டு துளைகள் இருந்தன.

"இதுல இருந்து வயரை நேரா கம்ப்யூட்டர்ல சொருக முடியாது மாமா. நடுவுல ஒரு பெட்டி வேணும். ஆடியோ இன்டர்ஃபேஸ்னு பேரு. கீபோர்டு சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரியிற மாதிரி மாத்திக் கொடுக்கும். மலிவுலயே நல்லது கிடைக்குது. ஆனா ஒண்ணு, மைக் துளை இருக்கிறதா பாத்து வாங்குங்க."

"எனக்கெதுக்கு மைக்கு? நான் என்ன பாடவா போறேன்?"

மச்சான் அக்காவைப் பார்த்தார். அக்கா அடுப்பைப் பார்த்தார்.

"இல்ல மாமா, பின்னாடி எதுக்காவது..."

"மைக் இருக்கிறதையே வாங்கிடுங்களேன்," என்றார் நர்ஸம்மா, முகத்தைத் திருப்பாமல். "தம்பி சொல்றான்ல."

"உன் தம்பிகிட்ட செருப்பு வாங்கணும்னு சொன்னாக்கூட மைக் இருக்கிற செருப்பா பாத்து வாங்கச் சொல்வான்," என்றார் ஹாரன்.

இசைக் கருவிக் கடையில் விற்பனைக்கு நின்ற பெண் பொறுமைசாலி. ஹாரனின் கையிருப்புக்குள் வரும் பெட்டிகள் இரண்டை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்றில் ஒரு மைக் துளையும் ஒரு கருவித் துளையும் இருந்தன. மைக்குக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெட்டியே கொடுக்கும், அதற்கென்று தனிப் பொத்தான். மற்றதில் மைக் சங்கதியே கிடையாது. கீபோர்டின் இடது வலது இரண்டுக்கும் ஆளுக்கொரு துளை.

"வாசிக்கும்போது கட்டையை அமுக்கினதும் சத்தம் உடனே காதுல கேக்குமாம்மா?" என்று கேட்டார். டிப்போவில் யாரோ பயமுறுத்தியிருந்தார்கள்.

"கம்ப்யூட்டருக்குள்ள போய்ச் சுத்தி வந்தா ஒரு நொடி பிந்தும் சார். இந்தப் பொத்தானைப் போட்டீங்கன்னா நேரா காதுக்கு வந்துரும், பிந்தாது. ரெண்டு பெட்டியிலயும் இருக்கு."

"வெளியில ஃபேன் ஓடும், தெருவுல வண்டி போகும். அதெல்லாம் பதிவாகுமா?"

அவள் மைக் இல்லாத பெட்டியைத் தட்டிக் காட்டினாள். "இதுல வயர் வழியா வர்றது மட்டும்தான் சார். பக்கத்துல இடியே விழுந்தாலும் உள்ள வராது."

ஹாரனுக்கு அந்தப் பெட்டியை மிகவும் பிடித்துப்போயிற்று. தனக்கென்றே செய்தது போல இருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்து, கர்ப்பிணிக்கு இடம் கொடுக்க எழுந்தபோதும் கையில் பிடித்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

முதல் நாள் பொத்தானைப் போட மறந்துவிட்டார். கட்டையை அமுக்கினால் சத்தம் சாவகாசமாக வந்தது, பிரேக்கை மிதித்தபின் யோசித்து நிற்கும் பழைய பஸ் மாதிரி. விரல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. பிறகு நினைவு வந்து பொத்தானைப் போட்டார், சரியாகிவிட்டது. பாப்பா விட்டுப்போன பழைய லேப்டாப்பில் பச்சைக் கோடுகள் துள்ளின. ஒரு வாரம் மத்தியானம் தோறும் வாசித்தார். ஒரு இடம் பிசகினாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். கடைசியில் ஒரு மணி நேரம் தேறியது. போட்டுக் கேட்டார். ஒரு தூசு இல்லை, துரும்பு இல்லை. தானா இவ்வளவு நன்றாக வாசிக்கிறோம் என்று அவருக்கே கூச்சமாக இருந்தது. பாப்பாவுக்கு அனுப்பிவிட்டு, அன்று டீயில் கொஞ்சம் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பாப்பா கூப்பிட்டாள். குரலில் தூக்கமின்மை அப்படியே இருந்தது.

"ரொம்ப நல்லாருக்குப்பா. நீங்க இவ்ளோ அழகா வாசிப்பீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"தூங்கினியா?"

"இது அது இல்லப்பா. அந்தச் சத்தம் இதுல இல்ல."

"எந்தச் சத்தம்?"

"அம்மாகிட்ட கேளுங்கப்பா," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

நர்ஸம்மா தலைவாரிக்கொண்டிருந்தார். சீப்பைக் கீழே வைத்தார். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைப்பது.

"கோபப்படாதீங்க. நீங்க வாசிக்கும்போது எங்களுக்கு வாசிப்பு கேக்காது. கட்டை தட்டுற சத்தம் கேக்கும். டக்கு டக்குன்னு. நடுவுல ஒரு கட்டை மட்டும் டொக்குனு விழும். அப்புறம்..."

"அப்புறம்?"

"நீங்க முனகுவீங்க."

"நானா?"

"ஹெட்ஃபோன் மாட்டிட்டா உங்களுக்குத் தெரியாது. ம்ம், ம்ம்னு கூடவே பாடுவீங்க. சுதி எல்லாம் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். ஆனா நிறுத்தாம பாடுவீங்க. பாப்பா அதைக் கேட்டுத்தான் தூங்குவா."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இருபது வருட மத்தியானங்கள் வரிசையாக வந்து ஹாரன் முன்னால் நின்றன. ஒவ்வொன்றிலும் அவர் முனகிக்கொண்டிருந்தார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"தம்பிக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தெரியும். தண்ணி கேன் போடுறவர் ஒருதடவை உங்களுக்கு உடம்பு சரியில்லையான்னு கேட்டார்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"கரண்டியைப் பத்திச் சொன்னேன். அப்புறம் என்ன ஆச்சு?" என்றார் நர்ஸம்மா. "இதையும் சொல்லி, இதையும் நீங்க நிறுத்திட்டா நான் என்ன பண்றது? நானும் அதைக் கேட்டுத்தான் தூங்குறேன். வார்டுல ராத்திரி பூரா யாராவது வலியில முனகிட்டே இருப்பாங்க. வீட்டுக்கு வந்தா ஒரு ஆள் சந்தோஷத்துல முனகுறாரு. அது எனக்கு வேண்டியிருந்துச்சு."

பாப்பா கேட்டது அதைத்தான் என்று நர்ஸம்மாவுக்கு முதலிலேயே தெரியும். கணவருக்குத் தெரியாமல் திரை மறைவிலிருந்து தன் போனிலேயே ஒருமுறை பிடித்து அனுப்பியும் பார்த்திருந்தார். போன் அந்த மெல்லிய முனகலைத் தேவையில்லாத இரைச்சல் என்று வடிகட்டிவிட்டு, கூடத்து ஃபேனை மட்டும் பதிவு செய்து வைத்திருந்தது. அதனால்தான் மைக் இருக்கிற பெட்டியை வாங்கச் சொல்லி அந்த முணுமுணுப்பு.

ஹாரன் அன்று வாசிக்கவில்லை. மறுநாளும் கீபோர்டின் மேல் துண்டு போர்த்தியே கிடந்தது. நர்ஸம்மா பயந்தது அப்படியே நடந்தது. கூடத்தில் நிஜமான அமைதி இறங்கிற்று, திரைக்குப் பின்னால் நர்ஸம்மா புரண்டு புரண்டு படுத்தார். அங்கே பாப்பாவும் தூங்கவில்லை. ஆக, ஒரு மனிதர் வாயை மூடியதில் இரண்டு ஊர்களில் இரண்டு பேருக்குத் தூக்கம் போயிற்று.

மூன்றாம் நாள் ஹாரன் பெட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், பெண்ணுக்கு வேலை போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"என்ன சார், சரியா வரலையா?" என்றாள் கடைப் பெண்.

"ரொம்பச் சரியா வந்துடுச்சும்மா. அதான் தொல்லை. மைக் இருக்கிற பெட்டியைக் கொடு."

"பாடப் போறீங்களா சார்?"

"ஏற்கெனவே பாடிட்டேனாம். இப்பத்தான் சொல்றாங்க," என்றார்.

மெல்லிய சத்தத்தையும் இழுக்கிற மைக் ஒன்றை மச்சான் கொண்டுவந்து, கீபோர்டுக்கும் வாய்க்கும் நடுவில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். கீபோர்டிலிருந்து பெட்டிக்கு வயரே இல்லை. ஹெட்ஃபோன் பழையபடி கீபோர்டில். பெட்டிக்குள் போவது கட்டைச் சத்தமும் முனகலும் மட்டும். ஆசை ஆசையாக ஒரு வாரம் பதிவு செய்த வாசிப்பை ஒதுக்கிவிட்டு, வாசிப்பின் எச்சத்தைப் பதிவு செய்ய உட்கார்ந்தார் மனிதர். உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் முனகல் வரவில்லை. எப்படி வரும்? மூக்குக்கு முன்னால் மைக், பெட்டியில் சிவப்பு விளக்கு, மனதுக்குள் தண்ணீர் கேன்காரர். உதடுகள் ஒட்டிக்கொண்டன. வேண்டுமென்றே முனகிப் பார்த்தார். மேட்டில் ஏற முடியாத வண்டிபோல இருந்தது.

"வேணும்னு பண்ணாதீங்க," என்றார் நர்ஸம்மா திரைக்குப் பின்னாலிருந்து.

"வேணாம்னு எப்படிப் பண்றது?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று. இரண்டு நாள் இதே கூத்து நடந்தது.

அடுத்த நாள் மதியம் ஹாரனுக்குக் கதவைத் திறக்க வந்த நர்ஸம்மா நிலைப்படியில் தடுமாறினார். ஹாரன் எட்டிப் பிடித்தார். கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. மருந்துக் கணக்கில் கை தவறிவிடுமோ என்று வார்டில் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சரிபார்க்க வேண்டியிருந்ததாம். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். படுத்தும் தூங்கவில்லை என்பது திரையின் இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது.

ஹாரன் அன்றைக்கு மறுபடி முயன்று, தோற்று, மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கட்டில் கிறீச்சிட்டது. மறுபடி கிறீச்சிட்டது. அவர் எழுந்து போய்த் திரையை விலக்கினார்.

"கண்ணை மூடு. நான் வாசிக்கிறேன். பாப்பாவுக்கு இல்ல, உனக்கு."

திரும்பி வந்து ஹெட்ஃபோனை மாட்டினார். எதை வாசிப்பது என்று யோசிக்கவில்லை. கீபோர்டு வந்த புதிதில் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட சின்ன மெட்டு விரலில் வந்தது, அதிலிருந்து அடுத்தது, அதற்கடுத்தது. மனைவி தூங்க வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. மாலை வெயில் ஜன்னல் வழியாகக் கட்டைகளின் மேல் ஏறியபோதுதான் நிறுத்தினார். ஹெட்ஃபோனைக் கழற்றினார். திரைக்குப் பின்னால் சீரான மூச்சு கேட்டது. அப்போதுதான் பெட்டியைப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மைக்கைத் தள்ளி வைத்தவர் பதிவை நிறுத்த மறந்திருந்தார்.

ஹெட்ஃபோனைப் பெட்டியில் சொருகிப் போட்டுக் கேட்டார். டக்கு டக்கென்று கட்டைகள், நடுவில் ஒரு டொக்கு. பிறகு ஒரு ஆண் குரல், தொண்டைக்குள்ளேயே, ம்ம் என்று எழுந்தது. மேலே போகவேண்டிய இடத்தில் கீழே போயிற்று, இறங்கவேண்டிய இடத்தில் விடாப்பிடியாக நின்றது. அவருக்குக் காது சுட்டது. அழித்துவிடலாமா என்று விரல் போயிற்று. ஆனால் அந்த ஆள், அவர் யாராக இருந்தாலும் சரி, மிகவும் சந்தோஷமாக இருந்தார். அதை மறுக்க முடியவில்லை. பாதியில் இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது, தூரத்தில் யாரோ மரம் அறுப்பது போல. அதையும் வெட்டாமல் அப்படியே பாப்பாவுக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை பதில் இல்லை. மதியமும் இல்லை. ஹாரன் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பிடிக்கவில்லையோ, மறுபடி ஏதாவது ஆகிவிட்டதோ. மாலையில், நர்ஸம்மா டியூட்டிக்குப் புடவை மடிப்பை நீவிக்கொண்டிருந்தபோது, போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா," என்றாள் பாப்பா. குரல் தடித்து, இழுத்து, சின்ன வயதில் பாயிலிருந்து எழுந்து வரும்போது இருக்குமே, அப்படி இருந்தது. "காலைல படுத்தவ இப்பத்தான் எழுந்திரிச்சேன். அலாரம் அடிச்சதுகூடத் தெரியலப்பா."

ஹாரன் டம்ளரை எடுத்து, வெறும் டம்ளரையே சுழற்றினார்.

"நீங்க முன்னாடி அனுப்பினதையும் அழிக்கலப்பா. வேலைக்குப் போறப்ப பஸ்ல கேக்குறேன். அது முழிச்சிருக்கிறப்ப, இது தூங்குறதுக்கு. அப்புறம் பாதியில அம்மா குறட்டை வருது பாருங்க, அது வந்ததும் வீட்டுக்கே வந்துட்ட மாதிரி ஆயிடுச்சு."

"குறட்டையா?" நர்ஸம்மாவின் கை மடிப்பிலேயே நின்றது. "நான் எங்க குறட்டை விடுறேன்? என்னங்க, நான் குறட்டையா விடுறேன்?"

கல்யாணமான முதல் வாரத்திலிருந்து ஹாரனுக்குத் தெரிந்த விஷயம் அது. சொன்னால் அந்தக் களைத்த மனுஷி அப்புறம் நிம்மதியாகத் தூங்க மாட்டாள் என்பதும் தெரியும்.

"அது ஃபேன் சத்தமா இருக்கும்," என்றார்.